அகஸ்ரின் ஏறாத கப்பல்

கப்பலிலிருந்து
15 யூன் 1996

மெலிசாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உடைப்பீர்களோ, ஃபிரிட்ஜுக்கு மேலே பில்களோடு போட்டுவிடுவீர்களோ, எனக்குத் தெரியாது. எயார்போட்டுக்கு வரவில்லை, அது போகட்டும். வாசலிலாவது நின்றிருக்கலாம். நான் பெட்டியோடு படி இறங்க, நீங்கள் உள்ளே ரீவியில் காலநிலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று மல்வேர்னில் அப்படி என்ன காலநிலையோ.

ஜூனோ துறைமுகத்தில் இருந்து போன் எடுத்தேன். சாப்பிட்டீர்களோ என்று கேட்டேன். "ம்" என்றீர்கள். மருந்து எடுத்தீர்களோ என்றேன். அதற்கும் "ம்". பிறகு "இந்தாரும், மெலிசாவோடை கதையும்" என்று பிள்ளையிடம் கொடுத்துவிட்டீர்கள். ஆனபடியால்தான் எழுதுகிறேன். எங்களுக்கு இது புதிதில்லையே. கல்யாணம் கட்டி முதல் ஒன்பது வருஷமும் நீங்கள் கிரேக்கக்காரனின் சரக்குக் கப்பலிலும் நான் பாசையூரிலும் இருந்து கடிதத்தில்தானே குடும்பம் நடத்தினோம்.

மிஸிஸ் ஹால்டேன் சுகமாக இருக்கிறா. அந்த வயதில் ஒருத்தி கோடை முழுவதும் ஒரே கப்பலில் அலாஸ்காவுக்குப் போவதும் வருவதுமாக இருக்கப்போகிறேன் என்று நின்றால், பார்க்கிறவர்கள் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். பேர்ணடெற் கூட வந்தால்தான் போவேன் என்றதும் அவதான். இத்தனை வருஷம் நான் பராமரித்த மனுஷி கேட்கிறா என்று உங்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் உங்களைச் சுட்டது என்று எனக்குத் தெரியும்.

"நேர்த்தி வைச்சவளே கப்பல் ஏறுறாள்" என்று சொன்னீர்கள். அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. எண்பத்திரண்டில் உங்கள் கப்பல் பிஸ்கே குடாவில் புயலில் அகப்பட்டு, இருக்கிறீர்களோ இல்லையோ என்று ஒரு தகவலும் இல்லாத நேரம், பாசையூர் அந்தோனியாரிடம் நான் என்ன கேட்டேன்? "என்ரை மனுசனைத் திருப்பித் தாரும், அவர் இனிக் கப்பல் ஏறமாட்டார்" என்றேன். உங்களைப் பற்றித்தான் சொன்னேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கப்பலைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் கோயில் திருநாளுக்கு வருகிற சனம் முழுவதும் ஒரு வீட்டுக்குள் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். அத்தனை பேருக்கும் சூடாகச் சாப்பாடு வருகிறது, ஒரு பிளேட் விழுகிற சத்தம் கேட்காது. இன்று காலை ஒரு சின்னப் படகு ஓடிக்கொண்டிருக்கிற கப்பலின் பக்கத்தில் ஒட்டி வந்தது. தலை நரைத்த ஒரு மனுஷன் கயிற்றேணியைப் பிடித்துக் கப்பலின் சுவரில் ஏறி உள்ளே வந்தார். இந்தக் கரையின் பாறையெல்லாம் தெரிந்து கப்பலுக்கு வழிகாட்டுகிற பைலட்டாம். நான் வாய் பிளந்து நின்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

கோழிக்கறி பிறீசரில் இருக்கிறது. வன்கூவரில் கப்பலின் ஏஜென்ட் விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் அங்கே திரும்பும்.

பேர்ணடெற்


மல்வேர்ன்
25 யூன் 1996

பேர்ணடெற்றுக்கு,

கடிதம் கிடைத்தது. உடைத்தேன். கோழிக்கறி முடிந்துவிட்டது.

கயிற்றேணியில் ஏறினவரைப் பார்த்து வாய் பிளந்தீராம். கடல் தூங்கும்போது ஏறுவது பெரிய காரியமில்லை. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிருகிற நேரம் ஏணியில் எந்தப் படியில் கால் வைப்பது என்று தெரிந்தவன்தான் பைலட். நான் அப்படி ஏறினவர்களுக்கு மேலே நின்று கை கொடுத்திருக்கிறேன். உமக்குச் சொன்னதில்லை. நீர் கேட்டதில்லை.

நேர்த்தி விஷயத்தில் வழக்குப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்தோனியாருக்குக் கணக்குத் தெரியும்.

அந்தக் கப்பலுக்கு எத்தனை புரொப்பலர்? யாரையும் கேட்கச் சந்தர்ப்பம் வந்தால் கேட்டு எழுதும். கட்டாயம் இல்லை.

அகஸ்ரின்


கப்பலிலிருந்து
6 யூலை 1996

மெலிசாவின் அப்பாவுக்கு,

புரொப்பலர் இரண்டு. அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கள் கபினைப் பார்க்கிற பென்னி என்கிற பிலிப்பைன்ஸ்காரப் பொடியனைக் கேட்டேன், அவன் தன் சினேகிதனைக் கேட்டான், கடைசியில் எஞ்சின் ஒபிசர் ஒருவரே வந்துவிட்டார். "யார் மடம் இதைக் கேட்கச் சொன்னது?" என்றார். என் கணவர் கடலில் இருந்தவர் என்றேன். அதைச் சொன்னதும் அந்த மனுஷனின் முகம் மாறிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏதோ நான்தான் கடலில் இருந்தவள் போல எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். முன்பக்கத்தில், தண்ணீருக்கு அடியில், பக்கவாட்டில் தள்ளுகிற விசிறியும் இருக்கிறதாம். இதையும் எழுதச் சொன்னார். உங்களுக்கு விளங்குமாம்.

அது எதற்கு என்று மறுநாள் பார்த்தேன். பனிமலை கடலுக்குள் வந்து முடிகிற குடா ஒன்று இருக்கிறது. பனி என்றால் வெள்ளை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன், அங்கே அது நீலம். கப்பல் அதற்கு முன்னால் போய் நின்று, நின்ற இடத்திலேயே மெல்ல மெல்லச் சுற்றியது. இரண்டு பக்கத்துச் சனமும் பார்க்கவேண்டுமே. ஒரு துண்டு உடைந்து விழுந்தது. விழுந்து முடிந்த பிறகுதான் சத்தம் வந்தது. மிஸிஸ் ஹால்டேன் என் கையைப் பிடித்துக்கொண்டா. எனக்கு அழுகை வந்தது. அழகைப் பார்த்து அழுகிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. போன ஞாயிறு பென்னி என்னைப் பூசைக்குக் கூட்டிப்போனான். கீழே, பயணிகள் போகாத தட்டில், வேலையாட்கள் சாப்பிடுகிற அறையில் வைத்தார்கள். மேலே இருக்கிற கம்பளமும் கண்ணாடியும் அங்கே கிடையாது. குழாய்கள் தலைக்கு மேலே ஓடுகின்றன. போகிற வழியில் கதவுகள் திறந்திருந்தன. ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் பிள்ளைகளின் படம். பென்னி தன் மகளின் படத்தைக் காட்டினான். பிறந்த பிறகு இன்னும் நேரில் பார்க்கவில்லையாம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு மேலே போய்க் கிழவிக்குச் சீனி இல்லாத தேத்தண்ணியை ஒரு துளி சிந்தாமல் வைத்தான்.

நான் காத்திருந்த ஒன்பது வருஷத்தைப் பற்றி உங்களுக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், கூடச் சண்டையும் பிடித்திருக்கிறேன். நீங்களும் காத்துக்கொண்டுதான் இருந்தீர்கள் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அதுவும் வேலை செய்துகொண்டு. உங்களை நினைக்கப் பெருமையாக இருந்தது. எழுதிவிட்டேன், இனி அழிக்கமாட்டேன்.

பேர்ணடெற்


மல்வேர்ன்
16 யூலை 1996

பேர்ணடெற்றுக்கு,

அந்த விசிறியைப் பற்றி விளங்கியது. எங்கள் காலத்துக் கப்பலில் அதில்லை. நாங்கள் துறைமுகத்துக்குள் திரும்ப இழுவைப் படகு வரும்வரை காத்திருப்போம். இப்போது கப்டன் விரலால் திருப்புகிறான் போல. நல்ல வசதி. பொறாமையாக இருக்கிறது.

பெருமை என்று எழுதியிருக்கிறீர். நான் அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். இங்கே எங்கள் சனத்தின் பார்ட்டிகளில் யாரும் "அண்ணை ஊரிலை என்ன செய்தவர்?" என்று கேட்டால், நீர் முந்திக்கொண்டு "முந்திக் கப்பலிலை நிண்டவர்" என்று சொல்லிவிட்டு, உடனே பிள்ளையின் படிப்புக்குக் கதையை மாற்றிவிடுவீர். ஏதோ மறியலில் கம்பி எண்ணிவிட்டு வந்தவனைப் பற்றிச் சொல்வது போல. நான் பக்கத்தில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நிற்பேன். கார் சீற் செய்கிற பக்டறியில் என்னோடு நிற்கிறவர்களுக்கும் நான் கடல்காரன் என்று தெரியாது. சொல்லத் தொடங்கினால் நிற்பாட்ட முடியாமல் போய்விடும் என்று சொல்லாமல் விட்டேன்.

நீர் கப்பல் ஏறியதில் எனக்குக் கோபம் இல்லை. ஏறமுடியாத என்னை வீட்டில் விட்டுவிட்டு ஏறினீரே, அதுதான்.

மெலிசா சுகம். நான் லைபிரரியில் இருந்து அந்தக் கரையின் வரைபடம் எடுத்துவந்து சுவரில் ஒட்டியிருப்பதாக உமக்குப் போனில் கோள் சொன்னாளாம். உண்மைதான். கெச்சிக்கன் துறைமுகத்துக்குத் தெற்கே கப்பல் போகிற வழி ஒடுங்குகிறது, அங்கே ஓகஸ்டில் பனிப்புகார் மூடும் என்று போட்டிருக்கிறது. பயப்படவேண்டாம். சங்கு ஊதுவார்கள்.

அகஸ்ரின்


கப்பலிலிருந்து
3 ஓகஸ்ட் 1996

மெலிசாவின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதிய மாதிரியே மூடியது.

காலையில் எழும்பி யன்னலைப் பார்த்தால் கடல் இல்லை, கரை இல்லை, பஞ்சைத் திணித்து வைத்ததுபோல இருந்தது. சங்கு ஊதத் தொடங்கியது. ஊதி, நிறுத்தி, திரும்ப ஊதி. மிஸிஸ் ஹால்டேன் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டு முட்டை சாப்பிட்டா. எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. உங்கள் கப்பலைப் பற்றித் தகவல் இல்லாமல் இருந்த நாட்கள் எல்லாம் நெஞ்சுக்குள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டன.

இருக்க முடியாமல் மேல்தட்டுக்குப் போனேன். கப்பலின் முன்மூக்கில், நீங்கள் அணியம் என்று சொல்கிற இடத்தில், ஒரு மனுஷன் தனியாக நின்றான். மழைக்கோட்டும் தொப்பியும். காதில் போன் மாதிரி ஒன்று. கண்ணுக்கு முன்னால் ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்குப் பின்னால், கண்ணாடிக்கு உள்ளே, சனம் நடனம் பழகியது. ஒரு பெண் மைக்கில் "வன், டூ, த்ரீ" என்று சொல்லிக்கொடுக்கிறாள். அவன் நிற்கிறான். ஆட்டம் முடிந்து, அவர்கள் சாப்பிட்டு, திரும்பவும் வேறு ஏதோ விளையாடினார்கள். ஆள் மாறியது, இடம் காலியாக இருக்கவில்லை.

நீங்களும் இப்படி நின்றிருக்கிறீர்களா? அந்தக் கடிதங்களில் ஒன்றிலும் எழுதவில்லையே. "இங்கே நல்ல சாப்பாடு, வேலை பெரிதாக இல்லை" என்றல்லவா எழுதுவீர்கள்.

புகார் கலைந்தபோது மலை அவ்வளவு கிட்ட நின்றது. மரத்தில் இருந்த கழுகின் வெள்ளைத் தலை தெரிந்தது. அப்போதுதான் எல்லோரும் கமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். நான் கழுகைப் பார்க்கவில்லை. அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேர்ணடெற்


மல்வேர்ன்
12 ஓகஸ்ட் 1996

அன்பின் பேர்ணடெற்றுக்கு,

ஓம், நின்றிருக்கிறேன்.

எழுதியிருந்தால் நீர் நித்திரை கொண்டிருப்பீரா? அதனால்தான் சாப்பாட்டைப் பற்றி எழுதினேன். சாப்பாடும் நல்லதில்லை.

புகாரில் நிற்கிறவன் கண்ணால் பார்ப்பதில்லை. காதால்தான். கரையில் அலை அடிக்கிற சத்தம் ஒரு மாதிரி, இன்னொரு கப்பலின் எஞ்சின் ஒரு மாதிரி. குளிரில் காது மரத்துப்போகும், அதைத் தேய்த்துத் தேய்த்து நிற்போம். பயம் இருக்கும். ஆனால் பேர்ணடெற், உண்மையைச் சொல்லட்டா? அந்த இடத்தில் நின்ற நேரங்களைப்போல நான் என் வாழ்க்கையில் வேறெங்கும் முழுசாக இருந்ததில்லை. பின்னால் படுத்திருக்கிறவர்கள் எல்லோரும் என்னை நம்பிப் படுத்திருக்கிறார்கள் என்று தெரியும். பக்டறியில் நான் கார் சீற் ஓடிவருகிற ஒரு பெல்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். நான் வராவிட்டால் இன்னொருவன் நிற்பான். அவ்வளவுதான்.

நீர் எழுதுகிறதைப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். "டாட், நீங்கள் இதெல்லாம் செய்தனீங்களா? வை டிடின்ட் யூ டெல் மீ?" என்று கேட்டாள். அன்று பின்னேரம் இரண்டு பேரும் வரைபடத்துக்கு முன்னால் இருந்து கதைத்துக்கொண்டே இருந்தோம். சோறு அடிப்பிடித்துவிட்டது.

நீர் நல்ல கண்ணுள்ள ஆள். கழுகை விட்டுவிட்டு அவனைப் பார்த்தீரே.

அகஸ்ரின்


கப்பலிலிருந்து
17 ஓகஸ்ட் 1996

மெலிசாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. நாளை வன்கூவரில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இதைப் பொறுத்திருந்து எழுத என்னால் முடியாது.

இந்தப் பயணத்துக்கு ஐரிஷ்காரச் சுவாமியார் ஒருவர் கப்பலில் பூசை வைக்க வந்திருக்கிறார். நான் அவரிடம் நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மகளே, மற்றவருடைய காலை நீ எப்படி நேர்ந்து கொடுத்தாய்?" என்றார். "புருஷன்தானே சுவாமி" என்றேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. பிறகு, அந்த நேர்த்தி உங்களைக் கட்டாது, என்னைத்தான் கட்டும், வேண்டுமானால் அதை வேறொன்றாக மாற்றித் தரலாம் என்றார். என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். ஒரு செபமாலை சொன்னால் போதுமாம்.

நீங்களே சொல்லுங்கள். ஒரு மனுசனை உயிரோடு கடலில் இருந்து எடுத்துத் தந்தவருக்கு ஒரு செபமாலையா? அந்தோனியாரின் முகத்தில் எப்படி முழிப்பது? எங்கள் ஆட்களுக்கு அது சரிவராது, கொஞ்சம் கனமாகத் தாருங்கள் என்று சுவாமியிடம் கெஞ்சினேன். பேரம் பேசி விலையை மேலே ஏற்றிய ஆளை அவர் இதுவரை கண்டதில்லையாம். கடைசியில் நானே சொன்னேன். எங்கள் தமிழ்ச் சனம் வருஷாவருஷம் யாத்திரை போகிற மிட்லன்ட் கோயிலின் வாசற்படிகளை முழங்காலில் ஏறுகிறேன் என்று. சுவாமி தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

ஆகவே நீங்கள் இப்போது விடுதலை. செப்டெம்பர் எட்டாம் திகதி கப்பல் வன்கூவரில் இருந்து கடைசிப் பயணம் புறப்படுகிறது. மிஸிஸ் ஹால்டேனின் மருமகளுக்கென்று எடுத்த கபின் சும்மா கிடக்கிறது, பெயரை மாற்றிவிடலாம் என்று அவவே சொல்கிறா. "புரொப்பலர் கேட்ட மனுஷனை நான் பார்க்கவேண்டும்" என்கிறா. சிற்றிசன்ஷிப் கார்டைக் கொண்டு வாருங்கள். தடித்த சுவெற்றரும்.

வாருங்கள். நான் பார்ப்பதை எல்லாம் அரைகுறையாகத்தான் பார்க்கிறேன். அது என்னவென்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லை.

பேர்ணடெற்


மல்வேர்ன்
27 ஓகஸ்ட் 1996

அன்பின் பேர்ணடெற்றுக்கு,

நீர் முழங்காலில் ஏறுவதா? அந்த முழங்காலோடு எங்கள் வீட்டு மேல்மாடிக்கு ஏறவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யேசுவே என்கிற ஆள் நீர். சுவாமியாருக்கு உம்முடைய எக்ஸ்ரே தெரிந்திருந்தால் செபமாலையோடு நிறுத்தியிருப்பார்.

உமக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் அந்தோனியாருக்குப் பயந்து கரையில் நிற்கவில்லை. அவர் மீன்பிடிகாரரின் புனிதர், அவருக்குக் கப்பலோடு என்ன கோபம்? எண்பத்திரண்டில் நான் பாசையூர் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று சனம் எல்லாம் ஒழுங்கையில் நின்றது. நீர் மட்டும் வெளியே வரவில்லை. நான் குசினிக்குள் வந்தேன். நீர் முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தீர். தேங்காய்ப்பூ எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. வெறும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தீர். நான் கூப்பிட்டும் நிற்பாட்டவில்லை. பிறகுதான் நேர்த்தியைச் சொன்னீர். நான் ஓம் என்றேன். அந்த ஓம் உமக்குச் சொன்னது, கோயிலுக்கு இல்லை. சுவாமியார் அதை எப்படி மாற்றித் தருவார்?

இன்னும் ஒன்று. ஏறினால் எனக்கு இறங்க மனம் வருமோ தெரியாது. எண்ணெய் மணமும் அந்த அதிர்வும் காலுக்கடியில் வந்தால், திரும்பி வந்து பெல்டுக்குப் பக்கத்தில் நிற்க என்னால் முடியாமல் போகலாம். இத்தனை வருஷமும் ஒருமாதிரி அடக்கி வைத்திருக்கிறேன். இந்த வயதில் அதைக் குழப்பவேண்டாம்.

ஆனால் வன்கூவருக்கு வருவேன். ரிக்கற் எடுத்துவிட்டேன். எட்டாம் திகதி காலை கரையில் நிற்பேன். ஒன்பது வருஷமும் ஒவ்வொரு துறைமுகத்திலும் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, கீழே மற்றவர்களைக் கூட்டிப்போக வந்து நிற்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கென்று ஒருவரும் நின்றதில்லை, தூரம் அப்படி. ஒருமுறையாவது நான் உமக்காக நின்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு, நீர் கடைசிப் பயணத்தைப் போய்வாரும்.

அகஸ்ரின்


வன்கூவர், கப்பலுக்குள்
8 செப்டெம்பர், காலை

மெலிசாவின் அப்பா,

இதைப் பென்னியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவன் எங்களுக்கு முன்னால் இறங்குவான்.

உங்களைக் கண்டுவிட்டேன். நீல ஜக்கெற். நீங்கள்தான் என்னை இன்னும் காணவில்லை. கப்பலைக் கரையோடு கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். கயிறு விழுந்தபோது உங்கள் கை தானாக முன்னுக்கு வந்ததை நான் இங்கிருந்து பார்த்தேன். எது உன் மனுஷன் என்று மிஸிஸ் ஹால்டேன் கேட்டா. ஒருத்தரையும் பார்க்காமல் கயிற்றைப் பார்க்கிறவர்தான் என்றேன். அவ்வளவு வடிவாக நின்றீர்கள்.

நீங்கள் எழுதியதற்கு இந்த ஒரு வாரமும் மறுமொழி தேடினேன். உங்கள் ஓம் எனக்குச் சொன்னது என்றால், அதைத் திருப்பித் தருகிற உரிமையும் எனக்குத்தான். திருப்பித் தந்துவிட்டேன். அன்று சிரட்டையைத் துருவியவளுக்குக் கப்பல் என்றால் உங்களைக் கொண்டுபோகிற ஒன்று என்று மட்டும்தான் தெரியும். நீங்கள் அதில் எப்படிப்பட்ட ஆளாக நின்றீர்கள் என்று தெரியாது.

இறங்க மனம் வராது என்று பயப்படுகிறீர்கள். வராவிட்டால் வராமல் இருக்கட்டும். கையைப் பிடித்து இறக்க இந்தமுறை நான் பக்கத்தில் இருப்பேன். அந்தப் பக்டறியைப் பற்றிப் பிறகு இருந்து கதைப்போம். வாசலில் உங்கள் பெயர் கொடுத்திருக்கிறது. ஏறி வாங்கோ.

பேர்ணடெற்


(அதே தாளின் பின்பக்கம்)

பேர்ணடெற்,

உம்முடைய பென்னி எனக்குச் சலூட் அடித்தான். என்ன சொல்லி வைத்திருக்கிறீரோ தெரியாது.

வாசலடிக்கு வந்துவிட்டேன். கப்பலுக்கு ஏறுகிற பலகை கால் வைக்கிற தூரத்தில் இருக்கிறது. எத்தனை கப்பல் ஏறியவன், இன்றைக்கு எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசிக்கிறேன். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், அவர்களை முன்னால் விட்டுக்கொண்டு நிற்கிறேன்.

முழங்காலைப் பார்த்து மெல்ல இறங்கி வாரும். வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போம்.

அகஸ்ரின்